முழு விலைப் பாஸ்

"அறுபத்தஞ்சு தாண்டினவங்களுக்குப் பாதி விலையாம்! போர்டைப் பார்த்தியா?"

புடாபெஸ்ட் சுற்றுலாக் கவுண்டர் வரிசையில் நின்ற டெஜோவுக்கு வாயெல்லாம் பல். டிராம், படகு, வெந்நீர்க் குளம் எல்லாம் ஒரே பாஸில். அதிலும் பாதி விலை என்றால் சும்மாவா? வெளியில் ஒரு காபிக்குக் காசு கொடுத்தாலே வயிறு எரிகிற மனுஷன். ஊரிலிருந்தே பை நிறைய பொகாச்சா ரொட்டி சுட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பக்கத்தில் நின்ற இபோயா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

போன குளிர்காலத்தில் சொந்த ஊரான செகெட்டில், ஓய்வூதியர் நடனக் கூடத்தில் முதன்முதலாகச் சந்தித்தபோது, "எனக்கு அறுபத்திரண்டு" என்று அவரிடம் அளந்துவிட்டிருந்தாள். நிஜத்தில் எழுபது. அவர்கள் ஊரில், காலண்டரில் அவரவர் பெயருக்கென்று குறித்திருக்கும் பெயர்நாளுக்குத்தான் பூவும் கேக்கும். பிறந்தநாளை யாரும் அவ்வளவாகக் கிளறுவதில்லை. அந்தத் தைரியம்தான்.

அன்றைக்கே டெஜோ சொல்லியிருந்தார். "எதை வேணா பொறுத்துப்பேன். பொய் மட்டும் எனக்கு ஆகாது."

இருவருமே துணையைப் பறிகொடுத்தவர்கள். ஊர் திரும்பியதும் ஒரே வீட்டில் இருந்துவிடலாமா என்றுகூடப் பேச்சு. இப்போது போய் வயசு தெரிந்தால்? எல்லாம் போச்சு!

"கைக்கு முத்தம் பெரியம்மா, பெரியப்பா!" சின்னஞ்சிறுசுகள் வயசானவர்களுக்கு வைக்கிற வணக்கத்தை வைத்தாள் கவுண்டர்ப் பெண். "ரெண்டு பேருக்கும் மூத்தோர் பாஸ்தானே? அடையாள அட்டையைக் காட்டுங்க."

"யாருடி உனக்குப் பெரியம்மா?" இபோயா சீறினாள். "எனக்கு அறுபத்திரண்டுதான் ஆகுது. முழு விலைப் பாஸே கொடு!"

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கும்மா வீணா கூடக் கொடுக்கணும்? அட்டையைக் காட்டுங்க, நான் பார்த்துச் சொல்றேன்."

"நல்லாக் காட்டு, இபோயா!" டெஜோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வயசைக் குறைச்சுச் சொல்றதா நினைக்கிறா போல. மூஞ்சியில அடிச்ச மாதிரி காட்டு!"

பாவி மனுஷா, நீயுமா!

கைப்பையின் கொக்கியில் விரலை வைத்தாள். திறக்க வரவில்லை. கை வெடவெடவென்று நடுங்கியது.

"சீக்கிரம் ஆகட்டும்மா! படகு போயிடும்!" பின்னால் ஒருவர் கத்தினார்.

டெஜோ அவள் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். சட்டென்று தன் கோட்டுப் பைகளைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

"அட கடவுளே! என் அட்டையை வீட்டிலேயே வச்சிட்டேனே!"

"அட்டை இல்லேன்னா உங்களுக்கும் பாதி விலை கிடையாதுங்க."

"என்ன பண்றது, என் தலையெழுத்து. ரெண்டு பேருக்குமே முழு விலைப் பாஸ் கொடுத்துடு."

பாஸ்கள் கைக்கு வந்தன. இபோயாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்துவிட்டது.

படகில் ஏறி உட்கார்ந்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள். "அட்டையை மறந்துட்டு ஊர் சுத்த வர்ற ஆள் நீங்களாத்தான் இருப்பீங்க! அடுத்த தடவை தலையையும் வீட்டிலேயே கழட்டி வச்சிட்டு வாங்க. வயசானா இப்படியா புத்தி மழுங்கும்?"

எதிர் இருக்கைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டெஜோ பொகாச்சாவைப் பிட்டு அவளிடம் பாதியை நீட்டினார்.

டான்யூப் ஆற்றுக் காற்று சில்லென்று அடித்தது. அவள் தோளைக் குறுக்கிக்கொள்வதைப் பார்த்ததும், அவர் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டார்.

குளிருக்கு இதமாகக் கோட்டின் உள்பைக்குள் கையை விட்டாள் இபோயா. விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள்.

டெஜோவின் அடையாள அட்டை.

"இது... இங்கேதானே இருக்கு?" அட்டையை அவர் முன் நீட்டினாள்.

"உள்ளே வை. காத்துல பறந்துடப் போகுது." டெஜோ ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார். "பொய் எனக்கு ஆகாதுதான். ஆனா, அட்டையைக் கேட்டதும் உன் கை நடுங்கிச்சு பாரு, அது எனக்கு அதைவிட ஆகல."