யார் மாட்டிக்கிட்டா என்ன?

"விலை இன்னும் இறங்கணும்" என்றாள் இன்ஜினீயரம்மா, கேபிள்காரர் நீட்டிய டப்பாவிலிருந்து ஓர் இனிப்பை எடுத்துக்கொண்டே.

அவருக்கு உச்சி குளிர்ந்தது. பேரம் பேசுகிறாள் என்றால் வாங்கப் போகிறாள்.

"பையனுக்கு வேலை கிடைச்சிருக்கு மேடம். யூனிஃபார்ம் போடற வேலை. அடுத்த வாரம் சேர்றான்."

"கேள்விப்பட்டேன்" என்றாள்.

மேஜைமேல் ஒரு மார்புப் பட்டை குப்புறக் கிடந்தது. உடம்பில் கட்டிக்கொள்ளும் ரேடியோவுக்கானது. அதில் ஓடப்போகும் கேபிளுக்குத்தான் இத்தனை பேரமும்.

சாம்பிளை விரலில் சுற்றி முறுக்கினாள், பிளேடால் கீறிப் பார்த்தாள். உள்ளே ஏழு கம்பிகள், அவற்றைச் சுற்றி வெளி இரைச்சல் புகாதபடி நெருக்கிப் பின்னிய செம்பு வலை. இந்த மனுஷரின் சாம்பிளில் என்றைக்குமே குறை இருக்காது.

அவள் தம்பியின் ரேடியோவுக்கு வந்த கேபிளில் வலை பேருக்குத்தான் இருந்தது. எரிகிற கட்டடத்துக்குள் நின்றவனை, 'வெளியே வந்துடு' என்று கூப்பிட்ட குரல் இரைச்சலில் கரைந்துபோனது; அவன் வெளியே வரவேயில்லை. விற்றவர் இதே ஆள்தான். அன்றைக்குத் தனக்குச் சம்பந்தமில்லை என்று கையை விரித்துவிட்டார். அவனுக்கு ஓர் அக்கா இருப்பது அவருக்குத் தெரியாது. அவள் வயிறு இன்னும் எரிந்துகொண்டிருப்பதும் தெரியாது.

"இந்த விலை கட்டாதுங்க" என்றாள்.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உள்ள இருக்கற வலையை லேசாக்கிடலாம் மேடம். மேல்தோல் அதேதான். யார் அறுத்துப் பார்க்கப் போறா?"

"இதை மாட்டிக்கிறவங்க?"

"யார் மாட்டிக்கிட்டா நமக்கென்ன மேடம்!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். "அந்த லேசான கேபிள் கைவசம் இருக்கா?"

"இல்லாமலா!" பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

அதை அவர் கண்ணெதிரிலேயே பட்டையில் கோத்து, இரண்டு முனையையும் பொருத்தினாள். அவசரமே இல்லாமல் செய்தாள்.

"முதல் செட் ரெடி."

பட்டையைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். அதன் முன்பக்கத்தில் தீயணைப்புத் துறையின் சின்னம். சின்னத்துக்குக் கீழே, சிவப்பு நூலில், அவர் பார்த்துப் பார்த்து மகனுக்கு வைத்த பெயர்.

கேபிள்காரரின் மடியிலிருந்த இனிப்பு டப்பா நழுவியது.

"அளவு சரியா இருக்கான்னு உங்க பையனை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்க."