மூன்றாம் படி

காட்டுப்பன்றி வேட்டைக்கென்று வாங்கிய புது ஸ்கோப்பைக் குண்டில்லாத துப்பாக்கியில் மாட்டி, எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறதென்று எதிர்க்குன்றிலிருந்த தன் வீட்டைப் பார்த்தான் தேவசகாயம். தண்ணீர்க் குடத்தோடு வீட்டுப் படிகளில் ஏறிய மனைவி பாக்கியம், மூன்றாம் படியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முகம் சுளித்தபடி உட்கார்ந்தாள். அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. குறி வைக்கும் கோடுகள் இரண்டும் அவள் நெற்றியில் வந்து கூடின. உடனே ஸ்கோப்பைக் கழற்றி, அதை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டு, அவள் எழும்வரை பார்த்தான்.

மறுநாள் குடத்தை அவனே தூக்கினான்.

“இது என்ன புதுசா? நான் நல்லாத்தானே இருக்கேன்!” என்றபடி அவள் பின்னால் வந்தாள்.

மூன்றாம் படியில் குடத்தை இறக்கினான். “எனக்கு மூச்சு வாங்குது. நீயும் சித்த உக்காரு.”

முழங்காலில் கை வைக்காமலே உட்காரப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.