கை எட்டும் தொட்டில்

கடைக் கண்ணாடி வழியே வரும் காலை வெயில், காட்சிக்கு வைத்த கட்டிலில் விழுகிறது. நிறைமாத வயிற்றோடு அதில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள் அவள். பக்கத்தில் ஒட்டி நிற்பது அவள் பார்க்கும் மூன்றாவது தொட்டில். முதலாவதில் கை எட்டவில்லை. இரண்டாவதில் கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே இடுக்கு. "தொட்டில்ல இருக்கற அந்தக் குட்டித் தலையணையை எடுத்துடுங்க, புள்ளைக்கு மூச்சு முட்டும்," என்கிறாள் விற்பனைப் பெண்ணிடம். பிறகு கண்களை மூடிக்கொண்டு கணவனிடம், "எழுந்திருக்காம கை போகுதான்னு பாக்கணும். அழுங்க," என்கிறாள். "கடையிலயா? மானம் போகும்டி!" "அழுங்கன்னா!" அவன் தொட்டிலுக்குள் தலையை விட்டு, "குவா... குவா..." என்கிறான். விற்பனைப் பெண் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மூடிய கண்களோடே அவள் கை தாழ்ந்த தடுப்பைத் தாண்டி, அவன் வழுக்கையைக் கண்டுபிடித்து மெல்லத் தட்டுகிறது. அழுகை நிற்கிறது. அவன் தலையை எடுக்கவேயில்லை. "புள்ள தூங்கிடுச்சு," என்கிறாள் அவள். "இதையே பில் போடுங்க."