கடைசிப் பதினோரு பக்கங்கள்

நூலக மாடியில் வாசகர் வட்டம் கூடியிருந்தது. பேச எழுந்தவர் சொல்லி முடிக்கும்வரை உட்காரக் கூடாது என்பது அங்கே வழக்கம். அன்று எல்லோரும் படித்து வந்திருந்த நாவலின் தன் பிரதியோடு அமுதினி எழுந்தாள்.

"மரகதம் சாகல."

"கெணத்துல குதிச்சிடுறாளே!" நவநீதன் சிரித்தான். "உன் புத்தகத்துல கடைசிப் பதினோரு பக்கம் கிழிஞ்சிருக்கு. இந்தா, என்னோடதப் படி."

அவன் நீட்டியதை அவள் தொடவில்லை. அவளிடமிருந்த கடைசிப் பக்கத்தில் மரகதம் கிணற்றுச் சுவர்மேல் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் படிக்காத வரைக்கும் அவ குதிக்க மாட்டா."

"சரி, சொல்லிட்டேல்ல? உக்காரு."

"இன்னும் முடிக்கல."

காத்திருந்து பார்த்துவிட்டு, மற்றவர்கள் நாற்காலிகளை மடக்கி அடுக்கத் தொடங்கினார்கள். அவளுடையதையும் மடக்கினார்கள். அமுதினி நின்றுகொண்டிருந்தாள்.