மூன்றாவது ரெசிஸ்டர்

ஒலிபெருக்கியிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் ஆம்ப்ரோஸ் காதைப் பொத்திக்கொண்டான்.

"நிறுத்துடா. சளி பிடிச்ச தவளை ஜெபமாலை சொல்ற மாதிரி கீது."

மனைவியின் தம்பி அல்போன்ஸ் மெஷினை நிறுத்தினான். உலக யுத்தம் முடிந்தபின் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த மெஷின் அது. குரலைக் கம்பியில் பிடித்து வைத்துத் திரும்பச் சொல்லும்.

அன்று மாலை சாந்தோம் கோயில் திருவிழா. ஆம்ப்ரோஸ் தன் கையால் செய்த ஆம்ப்ளிஃபயரில்தான் சாமியார் பிரசங்கம் செய்யப்போகிறார். அதைச் சோதிக்கத்தான் மெஷினில் பிடித்த குரலை அதன் வழியாக விட்டுப் பார்த்தார்கள். இந்த அசிங்கம் ஊர் முழுக்கக் கேட்டால் அப்புறம் எவன் அவனைக் கூப்பிடுவான்?

ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுக்கு அடியில், மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்மீது அவனுக்குச் சந்தேகம். அதன் அளவு சரியாக இருந்தால்தான் வால்வு நடுவாக நின்று, குரலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் வெட்டாமல் பெரிதாக்கும். பெரிய அளவில் ஒன்றைப் பற்றவைத்தான். குரல் நெரிபட்டது. சிறியதை வைத்தான். வால்வு கொதித்தது, குரல் கரகரத்தது. கணக்குப் போட்டு மூன்றாவதை வைத்தான். கரகரப்பு சுத்தமாகப் போய்விட்டது. குரல் மட்டும் அதே வழவழப்போடு மூக்கால் ஒழுகியது.

"கொரலே அப்படித்தானோ இன்னாவோ, மாமா."

"எந்த மனுசனுக்குடா இப்பிடி இருக்கும்? இதைக் கேட்டா சோறு எறங்குமா?"

ஆம்ப்ளிஃபயரையே பிரித்துப் போட்டுவிடலாமென்று திருப்புளியை எடுத்தான். அடுப்படியிலிருந்து வந்த ஃப்ளோரா கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிக்காதீங்க, நல்லாத்தான் கீது. நேத்து நீங்க ஜெபமாலை சொல்லச்சே, தம்பி கதவு மறைவுல வச்சுப் பிடிச்சது இது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு இப்பிடித்தான் கேக்குது."