மேகத்தைப் பிழிந்த மீனம்பாள்

"ராஜகிரிக் கோட்டை மேல நிக்குதே மேகம், அது மாதிரி நம்ம கம்ப்யூட்டருக்கும் ஒரு மேகம் இருக்கு, அதைப் பிழிஞ்சா திருடன் சொட்டுவான்!" என்கிறார் ஓய்வுபெற்ற சைபர் போலீஸ் மீனம்பாள். "மேகத்தைப் பிழியிறாங்களாம், மேகத்தை!" என்று சிரித்தபடி பள்ளி முதல்வர் வளவன், கிளார்க் கலைமதியை வேலையைவிட்டு நீக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கிறார். அரையாண்டு வினாத்தாள் கிளவுடில், அதாவது பள்ளியின் இணைய மேகத்தில், கசிந்த பழி அவள் மேல்; அதைத் துடைக்கத்தான் மீனம்பாளை அழைத்து வந்திருக்கிறாள். கசிந்ததுமே கிளவுடில் அதை அழித்துவிட்டார்கள்; பள்ளிக் கம்ப்யூட்டர் மட்டும் மறக்கவில்லை. மீனம்பாள் விசைப்பலகையைத் தட்டத் தட்ட, பழைய பதிவுகள் கோட்டைப் படிகளைவிட நீளமாகத் திரையில் இறங்குகின்றன. கலைமதி துப்பட்டா நுனியைக் கடிக்கிறாள். ஜன்னல் வெயிலில் தூசிகூட அசையாமல் நிற்கிறது. "சொட்டிட்டான்!" மீனம்பாளின் விரல் ஒரு வரியைக் குத்துகிறது: வினாத்தாளை மாணவர்களின் ஃபோல்டரில் ஏற்றியவர், வளவன். "இன்னா சார், இது உங்க லாகின்தானே?" வளவன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார், பேனாவை மூடுகிறார். "பிழிஞ்சிட்டீங்கம்மா. நோட்ஸுனு நெனச்சு நான்தான் போட்டுட்டேன்."