டை கட்டிய பொம்மை

ஜக்கி விட்ட குத்தில் கைரியின் உதடு கிழிந்து, தரையில் கிடந்த மரத்தூளில் ரத்தம் சொட்டியது. தச்சுப் பட்டறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

"எங்கடா உன் தம்பி ரஷ்வான்?" என்று ஷாஸ்லி செல்போனைக் கைரியின் முகத்துக்கு நேரே நீட்டினான். கைரிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சைச் சைகையாக மாற்றிக் காட்டவேண்டிய செயலியின் பொம்மை, டை கட்டிக்கொண்டு திரையில் சும்மா நின்றது.

அதற்குத் தெருப்பேச்சு ஏறாது. புத்தக அரபிதான் புரியும்.

ஷாஸ்லி தொண்டையைச் செருமிக்கொண்டான். "என் அண்ணனைக் கொன்ற உன் தம்பி எங்கே ஒளிந்திருக்கிறான்? கூறாவிடில் உன்னைக் கொல்வேன்."

பொம்மை சிரித்த முகமாகக் கைகளை அசைத்தது.

"மிரட்டுற மாதிரியே இல்ல பாஷா. டிவில நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு," என்றான் ஜக்கி.

"வாய மூடிக்கிட்டு அடிடா."

பழி தீர்க்கவென்றே குவைத்திலிருந்து கெய்ரோவுக்கு வந்தவன் ஷாஸ்லி. ரஷ்வானின் முகம்கூட அவனுக்குத் தெரியாது. ஜக்கி, ரயிலடியில் கூலிக்குக் கிடைத்த அடியாள்; கூலி தருபவனை மரியாதையாக 'பாஷா' என்றே அழைப்பான்.

ஜக்கி வயிற்றில் உதைத்தான். சுருண்டு விழுந்த கைரி எழுந்து உட்கார்ந்து விரல்களை ஆட்டினான்.

"என்னடா சொல்றான்?"

"உங்க பொம்மையக் கேளுங்க பாஷா."

"நாம சொல்றதுதான் அவனுக்குப் போகும். அவன் சொல்றது நமக்கு வராது."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு அடி?"

"வலி தாங்காம எடத்தக் காட்டுவான்ல. சுத்தியல எடு, வெரல ஒடி."

ஜக்கி சுத்தியலை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். "வெரல் வேணாம் பாஷா. வேற எங்க வேணாலும் அடிக்கிறேன்." சொன்னபடியே கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான்.

கைரி கண்களை இறுக மூடிக்கொண்டான். பார்க்காதவனிடம் பொம்மை என்ன பேசும்?

ஷாஸ்லிக்கு வெறி ஏறியது. "இந்தா, இதப் பிடி," என்று மறுகையில் வைத்திருந்த துப்பாக்கியை ஜக்கியிடம் திணித்துவிட்டு, கைரியின் தலைமுடியைப் பற்றித் திரைக்கு நேரே இழுத்தான். "இதுவே உனக்கு இறுதி வாய்ப்பு."

கைரி கண் திறந்தான். பொம்மையைப் பார்க்கவில்லை. ஷாஸ்லியின் தோளுக்கு மேலே பார்த்து, நிதானமாகக் கைகளை அசைத்தான்.

"இப்ப என்னதான்டா சொல்றான்?"

பின்னால் துப்பாக்கியின் குதிரை இழுபட்டது.

"'நான் வாங்கினது போதும் தம்பி, சுடு'ங்கிறாரு, பாஷா."